ரமணி செருகிய டிஸ்க்

போலீஸ் ஜீப் தொழிலாளர் லயத்துக்குள் நுழைந்தபோது ரமணி வீட்டில் இல்லை. பினாங்கில் வேலை தேடிப் போயிருந்தாள். செர்டாங்கிலிருந்து உள்ளே தள்ளிக் கிடந்த அந்த ரப்பர்த் தோட்டத்துக்குப் போலீஸ் வருவதே அபூர்வம். பால் வெட்டிவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்த அவள் அப்பா பழனியாண்டியை ஈரக் கைலியோடு வாசலில் நிற்கச் சொன்னார்கள். உள்ளே பெட்டிகள் திறக்கப்பட்டன. அம்மா பாப்பம்மாவின் சேலைகள் தரையில் விழுந்தன. அரிசி டின்னுக்குள்ளேகூடக் கைவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ரமணியின் கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு டிஸ்க்குகளையும், கட்டம் போட்ட காகிதக் கட்டு ஒன்றையும் எடுத்து வந்தார்கள்.

ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்த அவளுடைய பழைய முதலாளி சிரில் அவற்றைப் பார்த்துத் தலையாட்டினான். "ஆமா, இதுதான் நம்ம சாமான்."

லயமே திரண்டு நின்றது. சிரில் அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பழனியாண்டியிடம் சொன்னான்: "பயப்படாதீங்க பெரியவரே. சின்னப் பொண்ணு, புத்தி கெட்டுப் போச்சு. நான் மன்னிச்சிட்டேன். கேஸ் வேணாம்னு சொல்லிடுறேன்."

பழனியாண்டி கைகூப்பினார். வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் செய்யாத திருட்டுக்காக, மகளிடமிருந்து திருடியவனைப் பார்த்துக் கைகூப்பினார். இது நடந்தது எண்பத்தாறில். அடுத்த தைப்பூசத்துக்கு அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. "திருடி அப்பன்" என்று யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் பால் எடை போடுகிற கொட்டகையில் அவர் வந்ததும் பேச்சு நின்றுபோகும்.

நடந்ததைக் காளியம்மா என்ற பக்கத்து வீட்டுக்காரி ஒன்று விடாமல் ரமணிக்குச் சொன்னாள். ரமணி அழவில்லை. "அப்பா கையை எப்படி வச்சிருந்தாரு?" என்று கேட்டாள். காளியம்மா தன் கையைக் கூப்பிக் காட்டினாள். ரமணி அதை வெகுநேரம் பார்த்தாள்.

சிரில் சுங்கைப் பட்டாணியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் நிலையம் வைத்திருந்தான். வாயால் வாழ்கிறவன். டையும் வெள்ளைச் சட்டையுமாக, எந்தக் கூட்டத்திலும் முன் வரிசையில் இருப்பான். பினாங்கில் டிப்ளோமா முடித்து வந்த ரமணியை ஆசிரியையாகச் சேர்த்துக்கொண்டான். அங்கே இருந்த காலத்தில்தான் அவளுக்கு அந்த ஆசை பிறந்தது. ஆங்கிலமும் மலாயும் ஓடுகிற திரையில் தமிழ் ஏன் ஓடக்கூடாது? ஒவ்வோர் எழுத்தையும் கட்டக் காகிதத்தில் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்து, அதைத் திரைக்குக் கொண்டுவர ஒரு புரோகிராம் எழுதினாள். வகுப்பு முடிந்த மாலைகளிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் சிரில் மாதாகோவிலுக்குப் போயிருக்கும் நேரத்திலும் உட்கார்ந்து செய்த வேலை. சிரிலின் மனைவி ஆக்னஸ் அதே நிலையத்தில் டைப்பிங் சொல்லிக்கொடுத்தாள். அவள்தான் மைலோ கலக்கிக்கொண்டு வந்து வைப்பாள். "ழ இப்பத்தான் ழ மாதிரி இருக்கு" என்று ஒருநாள் தோளைத் தட்டினாள்.

திரையில் தமிழ் ஓடியதும் சிரில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டான். மறுநாள் செய்தியில் அவன் படம் வந்தது. 'இளைஞர் சிரிலின் சாதனை.' ரமணி பேப்பரை எடுத்துக்கொண்டு போய் அவன் மேசையில் வைத்தாள்.

"என் பேரு எங்க சார்?"

"நிலையத்தோட மெஷின்ல, நிலையத்தோட நேரத்துல செஞ்சது. நிலையம் யாரு? நான்தானே."

"அப்ப நான் வரைஞ்ச காகிதத்தையாவது நான் வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தன் காகிதங்களையும் தன் சொந்த டிஸ்க்குகளையும் எடுத்துக்கொண்டு வேலையை விட்டு வந்தாள். அவள் வெளியே போய் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்ற பயம் சிரிலுக்கு. அதனால்தான் முந்திக்கொண்டு போலீசுக்குப் போனான். போலீசார் நிலையத்திலும் விசாரித்தார்கள். ஆக்னஸ் அங்கே இருந்தாள். எழுத்துகளை வரைந்தது யார் என்று தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

பிறகு யாரும் ரமணியைக் கற்பிக்க வைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் சுங்கைப் பட்டாணியிலேயே லிம் என்ற சீனரின் கடையில் வேலை கிடைத்தது. பினாங்கிலிருந்து கம்ப்யூட்டர் தருவித்து விற்பதும், கெட்டுப்போனதைச் சரிசெய்வதும்தான் தொழில். லிம் ஊர்வம்பு கேட்காதவர். "லூ போலே பைக்கி?" என்றார், சரிசெய்யத் தெரியுமா என்று. தெரியும் என்றாள். அவ்வளவுதான் பேட்டி.

அந்தக் கடையில்தான் ரமணி எல்லா எழுத்துகளையும் மறுபடி வரைந்தாள். முதல் தடவை வரைந்தது ஆசையில். இந்தத் தடவை ஒவ்வொரு புள்ளியும் சிரிலை நினைத்துக்கொண்டு வைத்தது. அவனை என்ன செய்வது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

அதைப் பாலிங்கில் ஒரு ரப்பர் ஆலை சொல்லிக்கொடுத்தது. அங்கே யாரோ ஒரு இன்ஜினியர் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு சிஸ்டம் போட்டுவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து பழைய வேலை எதுவும் வரவில்லை. எல்லாம் அழிந்துவிட்டது என்று ஆபீசே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தது. லிம் ரமணியை அனுப்பினார். அவள் பார்த்தாள். எதுவும் அழியவில்லை. ஹார்டு டிஸ்க்கில் இரண்டு பாகம் இருந்தது. பழையது ஒன்றில் அப்படியே கிடந்தது. புதிய சிஸ்டம் தன்னைப் பதித்துக்கொள்ளும்போது, இனி என்னைத்தான் முதலில் எழுப்ப வேண்டும் என்று அடையாளத்தைத் தன் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டது. ரமணி அந்த அடையாளத்தைப் பழைய பாகத்துக்குத் திருப்பினாள். மெஷினை அணைத்துப் போட்டதும் பழையது எழுந்து வந்தது. ஆபீசில் கைதட்டினார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஒரே மெஷினுக்குள் இரண்டு பேர் இருக்கலாம். எவர் முதலில் எழ வேண்டும் என்பதை ஒரு சின்ன அடையாளம் தீர்மானிக்கிறது. பொத்தானை அழுத்துகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

எண்பத்தெட்டில் சிரில் ஒரு விழா ஏற்பாடு செய்தான். தமிழ் எழுத்து ஓடும் கம்ப்யூட்டர் ஒன்றை ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு நன்கொடையாகக் கொடுக்கும் விழா. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை மருதம்மாளே மேடையில் பொத்தானை அழுத்தித் தொடங்கி வைப்பார். மெஷினை லிம் கடையில் வாங்கினான். பணத்தை லிம்மிடம் கொடுத்துவிட்டு, பின்னால் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்த ரமணியைப் பார்த்துச் சிரித்தான்.

"நல்லா இருக்கியா ரமணி? பழசெல்லாம் மறந்துட்டேன்லா."

"நல்லது" என்றாள். ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை.

மெஷினில் டாஸ் என்ற சிஸ்டத்தைப் பதித்துக் கொடுப்பது கடையின் வேலை. அது அவளிடம்தான் வந்தது. ரமணி ஹார்டு டிஸ்க்கை இரண்டாகப் பிரித்தாள். பெரிய பாகத்தில் சிரில் கேட்டபடி டாஸ். சின்னப் பாகத்தில் வேறொரு சிஸ்டமும், அதற்கேற்ப அவள் திருத்திய அவளுடைய எழுத்துகளும், அவற்றால் எழுதிய நான்கு வரியும். முதலில் எழும் அடையாளத்தைச் சிரிலின் பக்கமே விட்டுவைத்தாள். விழாவன்று மெஷினை மேடையில் பொருத்தித் தருவதும் கடை ஆள்தான். அப்போது அடையாளத்தை மாற்றினால் போதும். ஒரு நிமிட வேலை.

விழா நாள் காலையில் கடைப் பெயர் போட்ட மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். மெஷின் முதல்நாளே சிரிலிடம் போயிருந்தது. மேடையில் வயர்களைச் செருகிவிட்டுப் போட்டுப் பார்த்தாள். சிரிலின் பக்கம் எழுந்தது. அடையாளத்தை மாற்றப் போனால், மாற்ற இரண்டாவது பாகமே இல்லை. ஒரே முழு டிஸ்க்காக இருந்தது.

"என்ன பாக்குற?" சிரில் பின்னால் வந்து நின்றான். "நேத்து நானே புது டாஸ் போட்டேன். போடறப்ப என்னமோ வேற ஒண்ணு இருக்கு, எடுத்துறவான்னு கேட்டுச்சு. எடுன்னு சொல்லிட்டேன். ஒங்க கடைக்காரங்க குப்பையெல்லாம் போட்டு வைக்கிறீங்க."

ரமணி மெஷினை அணைத்தாள். அவள் வேலையை இவன் இரண்டாவது தடவை அவளிடமிருந்து பிடுங்கியிருக்கிறான். இந்தத் தடவை என்ன அழிக்கிறோம் என்றுகூடத் தெரியாமல். அந்த முகத்தில் ஸ்குரூ டிரைவரை ஏற்றிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

"பிளக் ஒண்ணு லூசா இருக்கு. கடைக்குப் போய் வேற எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மோட்டார் சைக்கிளைக் கிளப்பினாள்.

வழியில்தான் புத்தி வேலை செய்தது. சிரில் புதிதாக டாஸ் போட்டு ஹார்டு டிஸ்க்கை முழுக்கத் தன் பக்கம் ஆக்கிக்கொண்டான். சரி. ஆனால் மெஷின் எழுந்ததும் முதலில் ஹார்டு டிஸ்க்கையா பார்க்கிறது? முன்னால் இருக்கிற டிஸ்க் செருகும் வாயைத்தான் பார்க்கிறது. அங்கே எழுப்பக்கூடிய டிஸ்க் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். உள்ளே யார் என்ன பதித்து வைத்திருந்தாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. சிரிலால் அந்த வரிசையைத் தொட முடியவில்லை. தொட வேண்டும் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை.

கடையில் அவளுடைய எழுத்துகளின் நகல் பத்திரமாக இருந்தது. ஒரு புது டிஸ்க்கில் சிஸ்டத்தை ஏற்றி, எழுத்துகளை ஏற்றி, எழுந்ததும் தானாக ஓடும்படி செய்து, ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். லிம் எட்டிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

மண்டபத்துக்குத் திரும்பியபோது கூட்டம் நிறைந்திருந்தது. மெஷின்மேல் பட்டுத்துணி போர்த்தியிருந்தார்கள். சிரில் மைக்கில் பேசிக்கொண்டிருந்தான். ரமணி குனிந்தபடி மேடை ஏறி, பிளக்கை மாற்றுகிற மாதிரி துணிக்கு உள்ளே கைவிட்டு, டிஸ்க்கைச் செருகி, வாயை மூடும் நெம்புகோலைத் திருப்பினாள். பிறகு இறங்கிப் போய்ச் சுவரோரம் நின்றாள்.

"இந்த எழுத்துகளுக்காக நான் தூக்கத்தைத் தொலைத்தேன்" என்று சிரில் சொன்னான். கூட்டம் கைதட்டியது. மருதம்மாள் டீச்சர் துணியை விலக்கிப் பொத்தானை அழுத்தினார்.

டிஸ்க் கரகரத்தது. திரையில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது. டீச்சர் பழக்கதோஷத்தில் வகுப்பில் படிப்பதுபோல் மைக்கில் உரக்கப் படித்தார்:

"இந்த எழுத்துகளை வரைந்தவள் பழனியாண்டி மகள் ரமணி. சிரில் இவற்றைத் திருடினான். திருடியது போதாமல் என்னைத் திருடி என்றான். என் அப்பாவைக் கைகூப்ப…" டீச்சர் நிறுத்தினார். கடைசி வார்த்தையைக் கூட்டம் தானே படித்துக்கொண்டது.

சிரில் பாய்ந்து வந்து மெஷினை அணைத்தான். "சின்னக் கோளாறு, சின்னக் கோளாறு" என்று மறுபடி போட்டான். மறுபடி அதே நான்கு வரி. இன்னொரு தடவை. அதே நான்கு வரி. தான் சுத்தமாகத் துடைத்துப் பதித்த டிஸ்க்கிலிருந்து இது எப்படி வருகிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. கண்ணெதிரே செருகியிருந்த டிஸ்க்கின் சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அது அவன் கண்ணில் படவே இல்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கடைசியில் பிளக்கையே பிடுங்கினான்.

"யாரு இந்த ரமணி?" என்றார் டீச்சர்.

"நான்தான் டீச்சர்."

"அவ திருடி!" சிரில் கத்தினான். "போலீசுக்கே தெரியும்!"

"என்ன திருடுனேன்? நான் வரைஞ்ச எழுத்தையா? இப்ப எல்லாரும் இருக்காங்க, சொல்லு."

சிரில் ஆக்னஸைப் பார்த்தான். முன்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஆக்னஸ் தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. சிரிலின் கண்ணில் தண்ணீர் வந்தது. ரமணி அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

லிம்முக்கு விஷயம் தெரிந்ததும், "லூ கீலாகா?" என்று கத்தினார். பைத்தியமா உனக்கு, என் கடைச் சட்டையைப் போட்டுக்கொண்டா சண்டை போடுவாய் என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. ரமணி அந்த மேல்சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வெளியேறினாள். பாக்கார் ஆராங்கில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்துத் தானே தொழில் தொடங்கினாள். மருதம்மாள் டீச்சர் அனுப்பிய மெஷின்தான் முதல் வேலை.

கொஞ்ச நாளில் ஆக்னஸ் அங்கே வந்தாள். இடுப்பில் குழந்தை.

"ரமணி, நிலையத்துல ஒரு பிள்ளையும் இல்ல. எல்லாரும் நின்னுட்டாங்க. அவரு சாப்பிடறதில்ல. நீ பத்திரிகைக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கோபத்துல எழுதிட்டேன், சேர்ந்துதான் செஞ்சோம்னு."

"போலீஸ் கேட்டப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும்தானே அக்கா."

குழந்தை மேசையிலிருந்த வயரைப் பிடித்து இழுத்தது.

"அவன் எங்க தோட்டத்துக்கு வரணும்" என்றாள் ரமணி. "அன்னைக்கு நின்ன அதே எடத்துல நிக்கணும். நான் திருடி இல்லன்னு லயத்துக்கே கேக்குற மாதிரி சொல்லணும். சொன்னா, நீங்க கேட்டதை நான் சொல்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சிரில் வந்தான். டை இல்லை, பழைய சட்டை. பால் வெட்டு முடிந்து எல்லாரும் வீட்டில் இருக்கிற பிற்பகல். ஆக்னஸ் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். பழனியாண்டி நாற்காலியை வாசலில் போட்டு, வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். காளியம்மா வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டாள்.

"ஒங்க பொண்ணு எதுவும் திருடல" என்றான் சிரில்.

"காது கொஞ்சம் மந்தம். சத்தமாச் சொல்லு" என்றார் பழனியாண்டி.

"ஒங்க பொண்ணு எதுவும் திருடல! நான்தான் பொய் சொன்னேன்!"

"அங்க தண்ணிக் கொழாய்கிட்ட நிக்கிறவங்களுக்குக் கேக்கல போலிருக்கு" என்றார் மறுபடி.

சிரில் மூன்றாவது தடவை சொன்னபோது குரல் உடைந்தது. பிறகு கைகூப்பினான். அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை. பழனியாண்டி அந்தக் கைகளைப் பார்த்தார், எழுந்தார், நாற்காலியை மடக்கிக்கொண்டு உள்ளே போனார். அன்று அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டதாகப் பாப்பம்மா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரமணி பத்திரிகைக்காரர்களிடம் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அந்த வாரமும் இல்லை, அடுத்த மாதமும் இல்லை. ஆக்னஸ் இரண்டு முறை ஆள் அனுப்பினாள். "பாக்கலாம்" என்றாள். சத்தியம் செய்தது நினைவிருந்தது. சத்தியத்தை உடைக்கிறோம் என்பதும் தெரிந்தது. அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்த குழந்தையை நினைத்தால் மட்டும் கொஞ்சம் உறுத்தியது. உறுத்தட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆண்டு முடிவதற்குள் சிரில் நிலையத்தை மூடிவிட்டு ஈப்போவுக்குப் போக ஏற்பாடு செய்தான். பெயர்ப்பலகையை இறக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ரமணி தன் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். எதிர்ச்சாரிக் காப்பிக்கடையில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் கச்சாங் வாங்கிப் பிரித்தாள். ஏணிமேல் நின்றவன் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். ரமணி கடலையை ஒவ்வொன்றாகத் தோலுரித்து வாயில் போட்டாள்.

சாமான் மூட்டையோடு வெளியே வந்த ஆக்னஸ் அவளைப் பார்த்துவிட்டாள். சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் பார்த்துக்கொண்டார்கள். ரமணி முகத்தைத் திருப்பவில்லை. பலகையை லாரியில் ஏற்றும்வரை இருந்து, காப்பிக்குக் காசு வைத்துவிட்டு எழுந்து போனாள்.